கார்டைக் கழட்டலாமா, கிளவுஸ் போடலாமா? மெஷின் ரம்பம் பத்தி வாசகர் கேள்வி பதில்

மரவேலை மெஷின் பத்தி நிறைய பேர் கேட்டு எழுதியிருக்கீங்க, சிலது படிக்கும்போதே வயித்தைக் கலக்குச்சு, அதனால இந்தத் தடவை முழுக்க இதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: அண்ணே, சர்க்குலர் சாவை (கையில பிடிச்சு அறுக்குற வட்ட பிளேடு ரம்பம்) பிளைவுட்டுக்கு அடியில தலைகீழா மாட்டி டேபிள் சா மாதிரி யூஸ் பண்றேன். ரீப்பர் கிழிச்சிட்டு இருக்கும்போது கட்டை திடீர்னு பறந்து வந்து வயித்துல அடிச்சிடுச்சு. பிளேடு புதுசுதான், கவனமாத்தான் இருந்தேன். எங்க தப்பு? (வீட்டிலேயே மரவேலை செய்யும் வாசகர்)

பதில்: தம்பி, முதல்ல வயித்தைப் பாருங்க. வலி கூடிக்கிட்டே போனாலோ, வயிறு கல்லு மாதிரி இறுகுனாலோ, தலை சுத்துனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க, உள்காயம் வெளிய தெரியாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இதுக்கு கிக்பேக்னு பேரு. டேபிள் சால, அதாவது மேஜைக்கு மேல பிளேடு நீட்டிக்கிட்டு சுத்துற ரம்பத்துல, உங்க பக்கம் இருக்குற பல்லு மேல இருந்து கீழ இறங்குது, அது மரத்தை மேஜையோட சேர்த்து அழுத்தும், அதால பிரச்னை இல்ல. ஆனா பின்பக்கப் பல்லு கீழ இருந்து மேல ஏறுது, மரம் லேசா திரும்பி அதுல பட்டாப் போதும், அப்படியே தூக்கி உங்க மேல வீசிடும். 7 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 5000 சுத்து சுத்துதுன்னா பல்லோட நுனி மணிக்கு கிட்டத்தட்ட 170 கிலோமீட்டர் வேகத்துல போகுது, நீங்க எவ்வளவு கவனமா இருந்தாலும் அதுக்குள்ள கையை எடுக்க முடியாது. அதனால "கவனமா இருந்தேன்"ங்கிறதை நம்பி வேலை பார்க்காதீங்க, மரம் திரும்பவே முடியாத மாதிரி செட்டப்பை மாத்துங்க.

மரம் ஏன் திரும்புதுன்னா, ஒண்ணு ஃபென்ஸ், அதாவது மரத்தை ஒட்டித் தள்ளுற பக்கச் சட்டம், பிளேடுக்கு நேரா இல்லாம பின்னாடி போகப் போக நெருங்கியிருக்கும், மரம் ரெண்டுக்கும் நடுவுல இறுகிடும். இல்லேன்னா மரத்துக்குள்ளயே இருக்குற இறுக்கத்தால அறுத்த கோடு மூடிக்கிட்டு பிளேடை கவ்விப் பிடிக்கும், சரியா காயாத மரத்துலயும் கோணல் மரத்துலயும் இது ரொம்ப சகஜம். இதைத் தடுக்கத்தான் பிளேடுக்குப் பின்னாடி ரிவிங் நைஃப்னு ஒரு தகடு வைக்கிறாங்க, பிளேடோட உடம்பை விட கொஞ்சம் தடிமன், பல்லு போடுற கோட்டை விட கொஞ்சம் மெலிசு, அது அறுத்த இடத்தை மூட விடாது, மரத்தைப் பின்பல்லு பக்கம் சாய விடாது. உங்க செட்டப்ல அது இருக்க வாய்ப்பே இல்ல. பிளேடை மூடுற கார்டும் மேல இருக்காது. சுவிட்சை டேப் சுத்தியோ கட்டியோ ஆன்லயே வச்சிருப்பீங்கன்னு நினைக்கிறேன், அப்போ அவசரத்துக்கு ஆஃப் பண்ண மேஜைக்கு அடியில குனிஞ்சு தேடணும், முகம் நேரா பிளேடுக்கு முன்னாடி வந்துடும். என் அபிப்ராயம் கேட்டா அதைப் பிரிச்சுடுங்க. அதே சர்க்குலர் சாவை நேரா கையில பிடிச்சு, பலகையை மேஜையில கிளாம்ப் போட்டு, நேரான ஒரு சட்டத்தை ஓரமா வச்சு அறுத்தா அகலமான பலகைக்கெல்லாம் கோடு சுத்தமா வரும். ரீப்பர் நிறைய கிழிக்கணும்னா ரிவிங் நைஃப், கார்டு எல்லாத்தோடயும் வர்ற நிஜ டேபிள் சாதான் வழி.

டேபிள் சா வாங்குனாலும் பிளேடோட கோட்டுக்கு நேரா நிக்காதீங்க, ஒரு பக்கமா தள்ளி நில்லுங்க. குறுகலான துண்டுக்கு கை வேண்டாம், புஷ் ஸ்டிக்னு தள்ளுறதுக்குன்னே இருக்குற குச்சி வச்சுத் தள்ளுங்க, பிளேடைத் தாண்டிப் போற வரைக்கும் தள்ளுங்க, பாதியில விட்டீங்கன்னா அதுதான் பறக்கும். மைட்டர் கேஜும் (குறுக்கா அறுக்க மரத்தைத் தாங்கித் தள்ளுற கருவி) ஃபென்ஸும் சேர்த்து வச்சு குறுக்கா அறுக்காதீங்க, அறுபட்ட துண்டு நடுவுல மாட்டிக்கும். ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் போடுறதுக்கு முன்னாடி இதை மனசுல கேட்டுக்கோங்க: இந்தக் கட்டை இப்போ சட்டுனு காணாமப் போச்சுன்னா என் கை எங்க போய் நிக்கும்? பதில் பிளேடுன்னு வந்தா கையை இடம் மாத்திட்டு அப்புறம் அறுங்க. ஏன்னா கிக்பேக்ல விரல் போறது பாதி நேரம் இப்படித்தான், மரம் பறந்துடும், அதை அழுத்திட்டு இருந்த கை அந்த வேகத்துலயே பிளேடு மேல போயிடும்.

கேள்வி: கிளவுஸ் போட்டுக்கிட்டு டேபிள் சால வேலை செஞ்சா விரலுக்கு பாதுகாப்புதானே? (புதுசா கத்துக்கிற வாசகி)

பதில்: இல்லம்மா, நேர் எதிர். சுத்துற பிளேடு, சுத்துற டிரில் பிட் இதுக்கிட்டல்லாம் கிளவுஸ் கூடாது. வெறும் விரல் பட்டா வெட்டும், அதுவே மோசம்தான், ஆனா கிளவுஸோட நூல் பல்லுல மாட்டுச்சுன்னா மொத்தக் கையையும் உள்ள இழுத்துடும். சிராய் இருக்குற பலகையைத் தூக்கும்போது போடுங்க, பிளக்கைக் கழட்டிட்டு பிளேடு மாத்தும்போது போடுங்க, முடிஞ்சதும் கழட்டி வச்சிட்டு மெஷினுக்கு வாங்க. தொளதொளன்னு தொங்குற சட்டைக் கை, ஷால், மோதிரம், வளையல், கழுத்துச் செயின் எதுவும் வேண்டாம், முடியை நல்லா இறுக்கி மேல கட்டிடுங்க.

கிரைண்டர்ல மட்டும் தீப்பொறி கையில கொட்டும்ங்கிறதால கையோட ஒட்டுன லெதர் கிளவுஸ் போடலாம், அதுல ரெண்டு கையும் ஹேண்டில்லயே இருக்கும்.

கேள்வி: 4 இஞ்ச் கிரைண்டர்ல மரம் அறுக்குற பல்லு பிளேடு மாட்டியிருக்கேன். கார்டு இடிச்சதால கழட்டிட்டேன், வேலை வேகமா நடக்குது. பரவாயில்லையா? (ஒரு வாசகர்)

பதில்: பரவாயில்லைன்னு என்னால சொல்லவே முடியாது. இதைப் படிச்சு முடிச்சதும் அந்த பிளேடைக் கழட்டிடுங்க.

கிரைண்டர் செஞ்சதே தேய்க்கிறதுக்கும் மெல்லிசா வெட்டுறதுக்கும். சும்மா ஓடும்போது நிமிஷத்துக்கு 11,000 சுத்து கிட்ட போகும், கணக்குப் போட்டா ஓரத்துல மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல வருது. சர்க்குலர் சால அடியில ஒரு தட்டு இருக்கு, அது பலகை மேல படிஞ்சு மெஷினை ஆட விடாம வைக்கும், கிரைண்டர்ல அப்படி எதுவும் கிடையாது, மணிக்கட்டு ஒரு டிகிரி திரும்பினாலும் பல்லு மரத்தைக் கடிச்சு மெஷினையே தூக்கி எறியும். எறிஞ்ச மெஷின் நிக்கவும் நிக்காது, பெரும்பாலான கிரைண்டர்ல சுவிட்ச் தள்ளினா லாக் ஆகிடும், கையை விட்டாலும் ஓடிக்கிட்டேதான் வரும். வந்து படுற இடம் முகம், கழுத்து, தொடை. தொடையில பெரிய ரத்தக்குழாய் இருக்கு, அது வெட்டுப்பட்டா சில நிமிஷம்தான் டைம். வளைவா அறுக்கணும்னா ஜிக்சா இருக்கு, நேரா அறுக்க சர்க்குலர் சா இருக்கு, ரெண்டும் கிரைண்டர் அளவுக்கு வேகமில்லதான், அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கப் போய் காலை இழந்துடாதீங்க.

இரும்பு வெட்டுற டிஸ்க் மாட்டும்போதும் ரெண்டு விஷயம் பாருங்க. டிஸ்க் மேல அதிகபட்ச வேகம் போட்டிருக்கும், மெஷின்ல போட்டிருக்குற வேகத்தை விட அது கம்மியா இருந்தா மாட்டவே கூடாது, பெரிய மெஷினோட டிஸ்க்கை சின்ன மெஷின்ல கார்டைக் கழட்டிட்டு மாட்டுறவங்க இதைத்தான் மீறுறாங்க, சின்ன மெஷின் ஓடுற வேகத்தைப் பெரிய டிஸ்க் தாங்காது, வெடிச்சிடும். இன்னொண்ணு, நடுவுல இருக்குற உலோக வளையத்துல காலாவதி தேதி அடிச்சிருப்பாங்க, பிசின் வச்சு ஒட்டுன டிஸ்க்குக்கு பொதுவா தயாரிச்சதுல இருந்து 3 வருஷம்தான். கீழ விழுந்த டிஸ்க், ஈரத்துல கிடந்த டிஸ்க் எல்லாம் குப்பைக்கு. வெட்டுற டிஸ்க்கோட பக்கவாட்டுல வச்சுத் தேய்க்காதீங்க, அது பக்கவாட்டு அழுத்தத்துக்கு செஞ்சதில்ல.

கேள்வி: என் பையனுக்கு 14 வயசு. மரவேலையில ரொம்ப ஆர்வமா இருக்கான், மெஷின் கேக்குறான். எனக்குப் பயமா இருக்கு. (ஒரு அம்மா)

பதில்: ஆர்வத்தைத் தடுக்காதீங்கம்மா, வரிசையை மட்டும் மாத்திடுங்க. கை ரம்பமும் நாலு கிளாம்பும் முதல்ல வாங்கிக் குடுங்க, மரத்தைக் கையால பிடிக்காம கட்டிப்போட்டு அறுக்குற பழக்கம் அங்கதான் வரும். அப்புறம் பேட்டரி டிரில், சாண்டர் (மரத்தை உப்புத்தாள் வச்சுத் தேய்க்கிற மெஷின்), அது கைக்குப் படிஞ்சதும் ஜிக்சா. டேபிள் சாவும் கிரைண்டரும் இப்போதைக்கு வேண்டாம். டிரில்தானேன்னு விட்டுடாதீங்க, தகட்டுல ஓட்டை போடும்போது பிட் மறுபக்கம் வெளிய வர்ற நேரத்துல தகடு மாட்டிக்கிட்டு சுத்த ஆரம்பிச்சிடும், கத்தி சுத்துற மாதிரிதான், அதனால அதையும் கிளாம்ப் போடச் சொல்லுங்க.

பிட் மாத்துறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டணும், வயர் மெஷின்னா பிளக்கை உருவணும், சுவிட்ச் ஆஃப்ல இருக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. கண்ணுக்கு பக்கமும் மூடுன சேஃப்டி கண்ணாடி, அதுல ஈஎன் 166 இல்லேன்னா இசட்87னு அடிச்சிருக்கும், பவர் கண்ணாடி போட்டிருந்தா அதுக்கு மேல மாட்டுறதும் கிடைக்குது. பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்கும்போது மட்டும்தான் மெஷின் ஓடணும், அது அவன் எவ்வளவு நல்லா செஞ்சாலும்.

கேள்வி: கரண்ட் போச்சு, வெளிய போய் நின்னேன். திரும்ப வந்ததும் ஷெட்ல மெஷின் தானா ஓடிக்கிட்டு இருந்துச்சு! (பட்டறை வச்சிருக்கும் வாசகர்)

பதில்: அண்ணே, நல்லவேளை அப்போ கை அங்க இல்ல. கரண்ட் போனதும் முதல் வேலை சுவிட்சை ஆஃப் பண்ணி பிளக்கை எடுக்குறது. ஒரே இடத்துல நிக்கிற மெஷினுக்கெல்லாம் நோ-வோல்ட் ரிலீஸ் சுவிட்ச்னு ஒண்ணு கிடைக்குது, கரண்ட் போனா உள்ள இருக்குற காந்தம் விட்டுடும், திரும்ப வந்தாலும் பச்சை பட்டனை நீங்க அமுக்குனாத்தான் ஓடும். கட்டாயம் போட்டுடுங்க.

எக்ஸ்டென்ஷன் வயர் பத்தியும் கேட்டிருந்தீங்க. 1800 வாட் மெஷின் 230 வோல்ட்ல 8 ஆம்ப்பியர் கிட்ட இழுக்கும். மெல்லிசான நீள வயர் போட்டா வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், சூடாகும், பிளேடு மரத்துக்குள்ள நின்னு நின்னு ஓடும், அதுவும் ஆபத்து. 1.5 ஸ்கொயர் எம்எம் வயராவது இருக்கட்டும், ரொம்ப நீளம்னா 2.5. ரீல்ல சுத்தி வச்சபடியே ஓட்டாதீங்க, சூடு வெளிய போகாம உருகிடும், முழுசா பிரிச்சுப் போடுங்க. லைன்ல 30 மில்லிஆம்ப்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை ஆஃப் பண்ற சுவிட்ச்) இருக்கணும். மெஷின்ல சதுரத்துக்குள்ள சதுரம் போட்டிருந்தா டபுள் இன்சுலேஷன், அதுக்கு எர்த் வேண்டாம், அந்தக் குறி இல்லாத மெஷினோட மூணாவது பின்னை வெட்டி எடுக்குறது உயிரோட விளையாடுறது.

கேள்வி: வீட்டுக்காரருக்கு மரத்தூளால எப்பவும் இருமல். இப்போ டிவி சவுண்டையும் கூட்டி வைக்கிறார். மாஸ்க், காது மூடுறது எதுவும் வேண்டாம்னு சொல்றார். (ஒரு வாசகி)

பதில்: இந்தப் பதிலை அவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. விரல் போனா ஊருக்கே தெரியும், காதும் நுரையீரலும் சத்தமில்லாம போகும். 85 டெசிபெல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும்னு அளவு வச்சிருக்காங்க, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும், அப்படிப் பார்த்தா 100 டெசிபெல்ல 15 நிமிஷம்தான். சர்க்குலர் சா சுலபமா அந்த 100 கிட்ட வரும். போன காது திரும்ப வராது, மீதியையாவது காப்பாத்தலாம், இயர் மஃப் மாட்டச் சொல்லுங்க.

மரத்தூளை மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு 1995லயே உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு முதல் வகுப்புல சேர்த்துடுச்சு, முக்கியமா மூக்குக்குள்ள வர்ற புற்றுநோய். கண்ணுக்குத் தெரியுற தூளை விட சாண்டர்ல வர்ற மாவு மாதிரி தூள்தான் உள்ள ஆழமாப் போகும். துணி கட்டுனா அதை நிறுத்தாது, மூக்கோட ஒட்டி நிக்கிற என்95 மாஸ்க் வேணும். மெஷினோட தூள் குழாயில வேக்குவம் மாட்டினா இன்னும் நல்லது. ப்ளோயர் வச்சு ஊதி சுத்தம் பண்ணாதீங்க, அத்தனையும் திரும்ப காத்துல ஏறும். இருமல் விடாம இருந்தாலோ, ஒரு பக்க மூக்கு மட்டும் அடைச்சு ரத்தம் வந்தாலோ தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

கேள்வி: விரல் பட்டதும் நின்னுடுற ரம்பம் இருக்குன்னு சொல்றாங்களே, நிஜமா? (மாணவர்)

பதில்: நிஜம்தான் தம்பி. அமெரிக்காவுல ஸ்டீவ் காஸ்ங்கிறவர் 1999ல கண்டுபிடிச்சது, சாஸ்டாப்னு பேரு. பிளேடுல லேசான மின் சிக்னல் ஓடும், உடம்பு பட்டா அது மாறும், உடனே ஒரு அலுமினியக் கட்டை பல்லுல பாய்ஞ்சு 5 மில்லிசெகண்டுக்குள்ள நிறுத்திடும், பெரும்பாலும் ஒரு சின்ன கீறலோட போயிடும். அந்த பிரேக் கட்டையை அப்புறம் மாத்தணும், பிளேடும் பெரும்பாலும் போயிடும். ஈர மரம் பட்டாலும் தவறா நின்னுடலாம். கிக்பேக்கை அது தடுக்காது, அதனால ரிவிங் நைஃப் அதுலயும் வேணும்.

கேள்வி: கடவுளே, நடக்கக் கூடாது, ஆனா விரல் துண்டாயிட்டா என்ன செய்யணும்? (பல வாசகர்கள்)

பதில்: மெஷினை ஆஃப் பண்ணுங்க. சுத்தமான துணியை காயத்து மேல வச்சு நல்லா அழுத்திப் பிடிச்சு கையைத் தூக்கி வைங்க, ரத்தம் துணியில ஊறினா அதை எடுக்காம மேலயே இன்னொண்ணு வச்சு அழுத்துங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு, அது வர்றதுக்குள்ள துண்டான விரலைத் தேடி எடுங்க, தூளுக்குள்ள கிடக்கும். சோப்பு, மருந்து எதுவும் வேண்டாம், சுத்தமான ஈரத்துணியில சுத்தி பிளாஸ்டிக் கவர்ல போட்டு காத்து, தண்ணி புகாம கட்டி, அந்தக் கவரை ஐஸ் கலந்த தண்ணிக்குள்ள வைங்க. ஐஸை நேரா விரல் மேல வச்சா திசு உறைஞ்சு செத்துடும், தைக்க முடியாமப் போயிடும். விரல் நல்லா நசுங்கியிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க, சேருமா சேராதாங்கிறதை டாக்டர் சொல்லட்டும். மைக்ரோ சர்ஜரி (துண்டான விரலைச் சேர்க்குற நுண் ஆபரேஷன்) செய்யுற ஆஸ்பத்திரி எதுன்னு இன்னைக்கே விசாரிச்சு நம்பரைப் பட்டறைச் சுவத்துல எழுதி வச்சிடுங்க, அந்த நேரத்துல தேட முடியாது. வெட்டுப்பட்டது எத்தனை மணிக்குன்னு குறிச்சுக்கோங்க, போன உடனே அதைத்தான் கேப்பாங்க. வழியில குடிக்கவோ சாப்பிடவோ எதுவும் குடுக்காதீங்க, மயக்க மருந்து குடுத்து ஆபரேஷன் பண்ண வேண்டியிருக்கும்.