ஆறு டிரம்மில் ஒரு தெப்பம்

போன இதழில் எங்கள் மீன் குட்டையில் மிதக்கும் டிரம் தெப்பத்தின் படம் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வந்த கடிதங்களில் நான்குக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

ஒன்றரை ஏக்கரில் மீன் குட்டை வைத்திருக்கிறேன். தீவனம் போடவும் வலை இழுக்கவும் ஒரு மிதவை தேவை. ஃபைபர் படகு வாங்க வசதி இல்லை. பழைய பிளாஸ்டிக் டிரம்களை வைத்து நானே கட்ட முடியுமா? எத்தனை டிரம் வேண்டும்?
வாசகர், மன்னார்குடி

தாராளமாகக் கட்டலாம். உங்கள் வேலைக்கு 200 லிட்டர் நீல டிரம் ஆறு போதும். இரண்டு வரிசை, வரிசைக்கு மூன்று. டிரம்மைப் படுக்க வைத்து, தெப்பம் போகும் திசைக்கு நேராக அடுக்குங்கள். குறுக்கே போட்டால் தண்ணீர் முட்டும், கழி ஊன்றித் தள்ளுகிறவருக்குத் தோள்பட்டை போய்விடும்.

கணக்கு இதுதான். 200 லிட்டர் டிரம் முழுசாக முங்கினால் ஏறக்குறைய 200 கிலோவைத் தூக்கும். ஆறு டிரம்முக்கு 1,200 கிலோ. ஆனால் பாதி முங்குகிற அளவுக்கு மேல் பாரம் ஏற்றவே கூடாது. ஆக, உங்கள் கையில் இருப்பது 600. அதில் டிரம்களின் சொந்த எடை ஐம்பது அறுபது கிலோ, சவுக்குக் கம்பும் பலகையும் ஒரு நூற்றைம்பது. மிச்சம் நானூறுக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று ஆள், நனைந்த வலை, இரண்டு மூட்டைத் தவிடு புண்ணாக்கு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மிதக்க வைப்பது சுலபம். கவிழாமல் வைப்பதில்தான் வேலை இருக்கிறது. 2009இல் நான் முதன்முதலில் கட்டிய தெப்பத்தில் இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு முழம்கூட இடைவெளி விடவில்லை. பலகை மிச்சமாகுமே என்று நினைத்தேன். தீவனம் போடுகிற வரைக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. வலை இழுக்கிற அன்றைக்கு என் மகனும் இன்னொரு பையனும் ஒரே பக்கம் குனிந்தார்கள். அந்தப் பக்கத்து டிரம்கள் அப்படியே உள்ளே போக, எதிர்ப்பக்கம் ஆகாயத்துக்குத் தூக்கியது. பலகை அந்தப் பையனின் தலைக்கு மேல் கவிழ்ந்தது. நெஞ்சளவு தண்ணீர்தான், இருந்தும் வலைக்குள் கால் சிக்கிக்கொண்டது. கத்தியால் வலையை அறுத்துத்தான் அவனை வெளியே எடுத்தோம். அந்த சில நிமிஷங்களை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், ஒரு வரிசையின் நடுவிலிருந்து அடுத்த வரிசையின் நடு வரைக்கும் ஐந்தடி இருக்கட்டும். தெப்பம் ஒன்பதடி நீளம், ஏழடி அகலம் வரும். மூட்டைகளை நடுவில் வையுங்கள். மேலே நாற்காலி, கூரை எதுவும் வேண்டாம். பாரம் உயர உயர ஆட்டம் கூடும்.

டிரம் வாங்கும்போது இரண்டு சின்ன மூடி போட்ட டிரம்மாகக் கேளுங்கள். வாய் முழுக்கத் திறந்து, வளையம் போட்டுப் பூட்டுகிற டிரம் தண்ணீர் சேமிக்கத்தான் சரி, தெப்பத்துக்கு ஆகாது. முன்னால் அதில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள். பூச்சிமருந்தோ அமிலமோ வந்த டிரம் என்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், குட்டையில் ஒரு மீன் மிஞ்சாது. சமையல் எண்ணெய், குளுக்கோஸ் பாகு வந்த டிரம் நல்லது. போன மாசியில் காயலான் கடையில் நான் வாங்கியது ஒன்று 1,000 ரூபாய்.

மூடியில் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதி டிரம்களில் அதுதான் காணாமல் போயிருக்கும். மரையில் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்கிவிட்டு, டிரம்மை ஒரு மணி நேரம் உச்சி வெயிலில் போடுங்கள். உள்ளே இருக்கும் காற்று சூடாகி வெளியே வர வழி தேடும். மூடியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிக் கவனியுங்கள். கடுகளவு குமிழி வந்தாலும் அங்கே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பகலில் காற்று வெளியேறும் அதே ஓட்டை வழியாக, ராத்திரி டிரம் குளிர்ந்ததும் தண்ணீர் உள்ளே போகும். தினமும் ஒரு டம்ளர் போனாலும் நாளடைவில் தெப்பம் சாய்ந்துவிடும். கட்டும்போது இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், பக்கவாட்டில் இருக்கும்படி டிரம்மை உருட்டி வையுங்கள். ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்தால் கீழ்மூடி எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும். பாதிக்கு மேல் முங்கக் கூடாது என்றேனே, இந்த மூடிகள் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும் என்பது அதற்கு இன்னொரு காரணம்.

கட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீரில் டிரம் கீழே விழப் பார்க்காது, மேலே வரத்தான் பார்க்கும். ஆகவே ஒவ்வொரு வரிசைக்கும் மேலே இரண்டு காய்ந்த சவுக்குக் கம்பை ஒன்றேகால் அடி இடைவெளியில் நீளவாக்கில் போடுங்கள். டிரம்மின் குறுக்களவு இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு என்பதால் அது கம்புகளுக்கு நடுவே போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் டிரம்மின் உடம்பில் ஓடும் பள்ளத்தில் நைலான் கயிற்றை விட்டு, கம்போடு சேர்த்து மூன்று சுற்று சுற்றிக் கட்டுங்கள். ஆணி டிரம் பக்கமே போகக் கூடாது. குறுக்குக் கம்பு ஐந்து, அதன் மேல் பழைய பேக்கிங் பலகை. பலகைக்குப் பலகை ஒரு விரல் இடைவெளி விட்டால் தண்ணீர் தேங்காது, கால் வழுக்காது.

டீசல் வந்த இரும்புப் பீப்பாய் நான்கு சும்மா கிடக்கிறது. வெல்டிங் வைத்து இணைத்துவிடலாமா?
வாசகர், நாகப்பட்டினம்

வேண்டாம் ஐயா. பீப்பாயைக் கவிழ்த்துக் காய வைத்திருப்பீர்கள், வருஷம் ஆகியிருக்கும், வாடைகூட வராது. ஆனாலும் மடிப்புகளுக்குள் டீசல் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வெல்டிங் சூட்டில் அது ஆவியாகித் தீப்பிடித்தால் பீப்பாய் வெடிக்கும். கிரைண்டர் வைத்து அறுப்பதும் அதே ஆபத்துதான். எத்தனையோ பட்டறைகளில் ஆள் போனது இப்படித்தான்.

கட்டித்தான் பயன்படுத்த வேண்டும். எங்கள் திருவாரூர் கமலாலயத்தில் தெப்பத் திருவிழா பார்த்திருப்பீர்கள். வேலி என்ற பழைய நில அளவில், கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்லும் அவ்வளவு பெரிய குளத்தில் சுவாமியையும் கச்சேரிக்காரர்களையும் சுமந்து வருவது அடியில் அடுக்கிய காலிப் பீப்பாய்கள்தான். அப்பா தெப்பம் கட்டுகிறவர்களோடு வேலைக்குப் போனவர். ஒவ்வொரு பீப்பாயையும் விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். கணீரென்று வந்தால் எடுப்பார். மொத்தென்று வந்தால் உள்ளே தண்ணீரோ துருவோ இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார். நானும் இன்றைக்கு வரைக்கும் பிளாஸ்டிக் டிரம்மைக்கூடத் தட்டிப் பார்க்காமல் வாங்குவதில்லை. நாகையில் உப்புக்காற்று வேறு. ஒரு வருஷத்துக்கு மேல் வேண்டும் என்றால் இரும்பை எடைக்குப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் வாங்குங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் தண்ணீர்க் கேன்களைக் கட்டி வயதானவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். அப்படி ஒன்றை முன்கூட்டியே செய்து மொட்டை மாடியில் வைத்திருக்கலாமா?
வாசகி, வேளச்சேரி

வையுங்கள் அம்மா, நல்ல யோசனை. 20 லிட்டர் கேன் ஒன்று 20 கிலோ தூக்கும். இங்கேயும் பாதிக் கணக்குதான். பன்னிரண்டு கேனை மூன்று வரிசையாகக் கட்டி மேலே ஒரு பழைய கதவைப் போட்டால், கதவின் எடை போக ஒருவர் உட்காரலாம். ஒரே ஒருவர். கேன் வெயிலில் கிடந்தால் வெடிப்பு விடும். அதனால் சாக்குப் போட்டு மூடி, ஆடி மாதம் பிறந்ததும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். லாரி ட்யூப் கிடைத்தால் இன்னும் மேல்.

ஆனால் இதில் யாரும் துடுப்புப் போட்டுப் போகக் கூடாது. தண்ணீர் அசையாமல் நிற்கும் தெருவில், உட்கார்ந்தவரைப் பக்கத்துக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்தே தள்ள வேண்டும். முன்னால் போகிறவர் கம்பை ஊன்றி, மூடியில்லாத சாக்கடைக் குழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகட்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டார்களா என்று உறுதியாகத் தெரியாமல் இறங்கவே இறங்காதீர்கள். தண்ணீர் இழுக்கிற இடத்தில் கேன் தெப்பம் உயிரைக் காக்காது. அங்கே மாடியிலேயே இருந்து மீட்புப் படகுக்குக் காத்திருங்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, ஒரு மாணவியைத் தாங்கும் தெப்பத்தைத் தண்ணீர் பாட்டில்களில் செய்ய நினைக்கிறோம். எத்தனை பாட்டில்? பாட்டில்கள் நசுங்காமல் இருக்க என்ன வழி?
ஆசிரியை, விருதுநகர்

ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோவைத் தாங்கும். 40 கிலோ மாணவி, பத்து கிலோ பலகை என்றால் கணக்குக்கு 50, பாதுகாப்புக்கு 100. வெங்காயம் வரும் வலைப்பைகளில் பத்துப் பத்தாக இறுக்கி அடைத்துக் கட்டுங்கள்.

மூடியை எப்போது போடுகிறீர்கள் என்பதில்தான் நசுங்குவதும் நசுங்காததும் இருக்கிறது. மத்தியானச் சூட்டில் மூடினால், தண்ணீரில் இறங்கியதும் உள்காற்று குளிர்ந்து பாட்டில் ஒட்டிப்போகும். விடியற்காலையில், முடிந்தால் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, குளிர்ந்த காற்றோடு மூடுங்கள். வெயில் ஏற ஏறப் பாட்டில் கல்லாட்டம் இறுகும். 2010இல் சுமார் 12,500 பழைய பாட்டில்களால் கட்டிய பிளாஸ்டிகி என்ற படகு சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக்கைக் கடந்து சிட்னி போய்ச் சேர்ந்தது. அவர்கள் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் உலர் பனிக்கட்டித் தூளை, அதாவது உறைய வைத்த கரியமில வாயுவைப் போட்டு மூடினார்கள். அது வாயுவாக மாறிப் பாட்டிலை உள்ளிருந்து இறுக்கியது. அதைக் குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம், அளவு தப்பினால் பாட்டில் வெடிக்கும். உங்களுக்குக் காலைக் குளிர்ச்சியே போதும்.

மாணவியை ஏற்றும் முன் அதே எடைக்கு மணல் மூட்டையை வைத்து, ஒரு மூலையில் தள்ளிப் பாருங்கள். இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள்ளேயே நிற்கட்டும். அந்தப் பெண்ணுக்கு மிதவை அங்கி கட்டாயம்.