குடியரசு தினம் என்பதன் பொருள் என்ன? அழைப்பிதழில் எத்தனையாவது என்று போடுவது?

குடிகளின் அரசு என்று பிரித்துச் சொல்வதோடு பலரும் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் குடியரசும் மக்களாட்சியும் ஒன்றே என்ற எண்ணம் ஊன்றிவிடுகிறது. ஆள்பவர்களை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தால் மக்களாட்சி. நாட்டின் தலைமைப் பதவி பரம்பரையாக இறங்காமல் தேர்தல் வழியாக வந்தால் குடியரசு. பிரிட்டனிலும் ஜப்பானிலும் மக்களாட்சி நடக்கிறது. ஆனால் முடியாட்சியும் இருப்பதால் அவை குடியரசுகள் அல்ல.

நம் நாடும் சில காலம் அப்படித்தான் இருந்தது. 1947 ஆகஸ்ட் 15-இல் விடுதலை கிடைத்த பிறகும் சட்டப்படி நாட்டின் தலைவர் மன்னர் ஆறாம் ஜார்ஜ்தான். அவர் சார்பில் முதலில் மவுண்ட்பேட்டனும் பிறகு ராஜாஜியும் தலைமை ஆளுநராக இருந்தார்கள். 1950 ஜனவரி 26-இல் அந்தப் பதவியே மறைந்து, ராஜேந்திர பிரசாத் முதல் குடியரசுத் தலைவரானார். முடி போய்க் குடி வந்த நாள் என்பதால்தான் அந்தப் பெயர்.

பள்ளி மேடைகளில் இதை ‘அரசமைப்புச் சட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள்’ என்று பேசுவது தவறு. அது 1949 நவம்பர் 26. இப்போது அரசமைப்பு தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஜனவரி 26 அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த நாள். இரண்டு மாதம் காத்திருந்ததற்குக் காரணம் உண்டு. லாகூர் காங்கிரஸின் முழு விடுதலைத் தீர்மானத்தைத் தொடர்ந்து 1930 ஜனவரி 26-ஐ நாடு முழுவதும் சுதந்திர தினமாகக் கொண்டாடினார்கள். ஆண்டுதோறும் அது தொடர்ந்தது. ஆகவே 1930-களின் பத்திரிகைகளில் ‘சுதந்திர தினம்’ என்று கண்டால் ஆகஸ்ட் 15 என்று படித்துவிடாதீர்கள்; ஜனவரி 26-ஐத்தான் சொல்கிறார்கள். பழைய இதழ்களைப் புரட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்திருப்பது மிக அவசியம்.

அழைப்பிதழில் அதிகம் சறுக்கும் இடம் எண். 1950 ஜனவரி 26-தான் முதல் குடியரசு தினம். எனவே நடப்பு ஆண்டிலிருந்து 1949-ஐக் கழியுங்கள்: 2026-இல் வருவது 77-ஆவது. சுதந்திர தினத்துக்கு 1946-ஐக் கழிக்க வேண்டும்: 2026-இல் 80-ஆவது. 1950-ஐயோ 1947-ஐயோ கழித்தால் கிடைப்பது நிறைவடைந்த ஆண்டுகள். அந்த எண்ணைப் போடுவதானால் ‘ஆண்டு நிறைவு’ என்று எழுதுங்கள், ‘ஆவது’ வேண்டாம். 2022-இல் 75 ஆண்டு நிறைவும் 76-ஆவது சுதந்திர தினமும் ஒரே நாளில் வந்தன. எத்தனையோ பதாகைகளில் இரண்டையும் கலந்து ‘75-ஆவது சுதந்திர தினம்’ என்று அச்சடித்துவிட்டார்கள்.

எழுத்தில்: ‘குடியரசு நாள்’, ‘குடியரசு தினம்’ இரண்டும் வழக்கில் உள்ளவை, ஒரே அழைப்பிதழில் இரண்டையும் கலக்காதீர்கள். ‘விழா’ சேர்ந்தால் ‘தினம்’ என்பதில் ம் விழும்: குடியரசு தின விழா. ‘குடியரசுத் தலைவர்’ என்பதில் த் கட்டாயம் வேண்டும். நிகழ்ச்சி நிரலில் ‘கொடியேற்றம்’ என்று போடுவது இரண்டு நாளுக்கும் பொருந்தும். டெல்லி விழாவில் மட்டும் ஒரு வேறுபாடு: ஆகஸ்ட் 15-இல் செங்கோட்டையில் பிரதமர் கொடியைக் கீழிருந்து ஏற்றுகிறார், ஜனவரி 26-இல் கம்பத்தின் உச்சியில் ஏற்கெனவே மடித்துக் கட்டியிருக்கும் கொடியைக் குடியரசுத் தலைவர் கயிற்றை இழுத்து விரிக்கிறார்.