டர்போவை மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் விவசாயம் செய்கிறேன். 2015 மாடல் ஏழு சீட் டீசல் கார் வைத்திருக்கிறேன். தை அறுவடை முடிந்ததிலிருந்து வண்டியில் பிக்கப் இல்லை. தஞ்சாவூர் போகிற வழியில் லாரியை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை அழுத்தினால் கொஞ்சம் இழுக்கிறது, உடனே அடங்கிவிடுகிறது. செக் எஞ்சின் லைட்டும் எரிகிறது. ஓரங்கட்டி, சாவியை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும். அடுத்த லாரியை முந்தும்போது மறுபடி அதேதான். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பார்த்து, டர்போ போய்விட்டது, 48,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா ஐயா?

பதில்: இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். டர்போ என்பது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. அது முழுக்கப் போயிருந்தால், சாவியை அணைத்துப் போட்டதும் அதற்கு உயிர் வராது. உங்கள் வண்டியில் நடப்பது வேறு. எவ்வளவு காற்றழுத்தம் வேண்டும் என்று எஞ்சின் கம்ப்யூட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உண்மையில் எவ்வளவு வருகிறது என்பதைச் சென்சார் சொல்கிறது. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகி, அது சில நொடி நீடித்தால், எஞ்சினைக் காப்பாற்றக் கம்ப்யூட்டர் இழுவையைக் குறைத்துவிடும். மெக்கானிக்குகள் லிம்ப் மோடு என்பது இதைத்தான்.

ஒர்க்‌ஷாப்பில் முதலில் கேட்க வேண்டியது, ஸ்கேனரில் வந்த எண் என்ன என்பது. பி 0299 என்றால் அழுத்தம் போதவில்லை. பி 0234 என்றால் அழுத்தம் மிஞ்சிப்போகிறது. டர்போவை மாற்று என்று இரண்டுமே சொல்வதில்லை. அழுத்தம் சரியில்லை என்பதோடு ஸ்கேனரின் வேலை முடிந்தது, காரணத்தைத் தேடுவது மெக்கானிக்கின் வேலை. அதிலும் உங்களுக்கு வந்தது 0234 என்றால், டர்போ போய்விட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை. செத்த டர்போவால் தேவைக்கு மேல் காற்றைத் தள்ள முடியாது. அப்போது சந்தேகப்பட வேண்டியது டர்போவுக்குள் இருக்கும் அசையும் இதழ்களைத்தான். டீசல் புகைக்கரி படிந்து அவை இறுகிக்கொள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் பழைய இழுவை வந்துவிடும்.

0299 என்றால் எலியிலிருந்து தொடங்குங்கள். அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. வைக்கோல் போர் ஓரமாக நிறுத்தும் வண்டியில், பானெட்டுக்குள் கதகதப்பாக இருக்கும் ரப்பர் குழாய் அதற்கு வசதி. டர்போவின் இதழ்களை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வாக்குவம் ஹோஸ் மிக மெல்லியது. அதில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தாலும், இதழ் மாறும் வகை டர்போவில் பெரும்பாலும் இதழ்கள் திறந்தே நின்று அழுத்தம் ஏறாது. புது ஹோஸுக்குச் சில நூறு ரூபாய் போதும். இதே மெல்லிய குழாய் வேஸ்ட்கேட் (மிஞ்சும் புகையை டர்போவுக்குள் விடாமல் திருப்பிவிடும் கதவு) வகை பெட்ரோல் டர்போவில் அறுந்தால் பெரும்பாலும் விளைவு தலைகீழ்: வேஸ்ட்கேட் திறக்காமல் அழுத்தம் எகிறும். எனவே உங்கள் டர்போ எந்த வகை என்பது மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாருதியின் ஒரே 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் 75 குதிரைத்திறனில் வந்தபோது வேஸ்ட்கேட் டர்போ, 90-இல் வந்தபோது இதழ் மாறும் டர்போ.

அடுத்தது, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்வரும் தடித்த குழாய்கள். கிளாம்ப் தளர்ந்த இடத்தில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் வைக்கோல் தூசி அப்பியிருக்கும், பார்த்தாலே தெரியும். புகை விட்டுச் சோதிக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஏர் ஃபில்டரையும் திறந்து பாருங்கள், அறுவடை இயந்திரம் ஓடும் வயலோரம் போய்வந்த வண்டிக்குச் சர்வீஸ் புத்தகத்தின் கிலோமீட்டர் கணக்கு பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் தெரியவில்லையா? எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் அழுத்தச் சென்சாரின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். டெல்டா ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருப்பதால் 100 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். 85 என்றோ 115 என்றோ காட்டினால் சென்சாரே பொய் சொல்கிறது. அது சரியாக இருந்தால், மெக்கானிக் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார, நீங்கள் ஓட்டுங்கள். நம் ஊர்ச் சமதரையில் எஞ்சினுக்குப் பாரம் ஏறாது, தஞ்சாவூர் தாண்டி வல்லம் மேட்டில் மூன்றாம் கியரில் முழுதாக அழுத்திப் பாருங்கள். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் அருகருகே திரையில் வரும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்குத் தனிக்கூலி கேட்டால் மனமாரக் கொடுங்கள். ஸ்கேனை இலவசமாகச் செய்யும் இடத்தில், உதிரிபாகம் விற்றால்தான் அவர்களுக்கு வருமானம்.

டர்போவேதான் கெட்டிருக்கிறது என்றால் அடையாளங்கள் இருக்கும்: நீலப் புகை, எண்ணெய் குறைவது, சைரன் போன்ற ஊளை, விசிறி இதழ் சுவரில் உரசிய தடம். அப்போதும் ஏன் கெட்டது என்று கேளுங்கள். எண்ணெய் வரும் குழாய் அடைத்திருந்து அதை மாற்றாமல் விட்டால் புது டர்போவும் போகும்.

கேள்வி: கும்பகோணத்தில் சொந்த டாக்ஸி ஓட்டுகிறேன், நவக்கிரகக் கோயில் சவாரிதான் பிழைப்பு. டர்போ மாற்றியும் அதே கோளாறு. துண்டுச் சீட்டில் தொகை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். டாக்ஸி என்பதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. வணிக நோக்கத்துக்கு வாங்குவோரை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது. ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்கு மட்டுமே ஓட்டுபவருக்கு அந்த விலக்கு பொருந்தாது. பில் தராததையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. முறையான பில்லும் கழற்றிய பழைய டர்போவும் வேண்டும் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பில் கோளாறின் உண்மைக் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், வழக்கின் பலமே அந்தத் தாள்தான். அதற்கு முன் வண்டியில் வேறு எதையும் கழற்ற விடாதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். பேச்சில் முடியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கேள்வி: மயிலாடுதுறையில் ஒரு பழைய டர்போ டீசல் காரைப் பார்த்திருக்கிறேன். டேஷ்போர்டில் எந்த லைட்டும் எரியவில்லை. வாங்கலாமா?

பதில்: காட்டுவதற்கு முந்தைய நாள் கோளாறு எண்ணை அழித்துவிட்டாலும் லைட் எரியாது. பல வண்டிகளில், எண்ணை அழித்தபின் ஓடிய கிலோமீட்டரை ஸ்கேனர் காட்டும். அது 10, 20 என்று நின்றால் விற்பவரிடம் காரணம் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால், சாவியை உங்களிடம் தந்து ஒரு நாள் முழுக்க நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் முன்பணம் கொடுங்கள்.