திபடோவைத் தாட்டிவிட்டது சரிங்களா? – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கமுங்ணா,

நான் அவிநாசிங்க, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறேன். காலேஜ்ல பேஸ்கட்பால் ஆடுனவன், இப்ப அமெரிக்கால நடக்கற என்பிஏ பேஸ்கட்பால் லீக் பாக்கறதோட சரி. அதுல நியூயார்க் நிக்ஸ் டீமோட ஃபேனுங்க. 2025 ஜூன் மாசம் எங்க ஹெட் கோச் டாம் திபடோவைத் தூக்கிட்டாங்கன்னு படிச்சப்ப நம்பவே முடியல. 51 மேச் ஜெயிச்சு, 2000-க்கு அப்பறம் மொத தடவையா கான்ஃபரன்ஸ் ஃபைனல் (செமிஃபைனல் மாதிரிங்க) வரைக்கும் கூட்டிட்டுப் போன மனுசனுங்க. என் ரூம்மேட் என்னன்னா, "அஞ்சே பேரைப் போட்டு அந்த ஓட்டு ஓட்டுனா கடைசில கால் எப்படிடா நிக்கும், தூக்குனது சரிதான்"ங்கறான். எங்க கம்பெனில ஷிப்மெண்ட் தப்புனா மொதல்ல கட்டிங் மாஸ்டரைத்தான் மாத்துவாங்க, துணி லேட்டா வந்ததுக்கு அவரு என்னங்க பண்ணுவாரு, இதுவும் அதே கதைன்னுதான் எனக்குத் தோணுது. நீங்க என்ன நெனைக்கறீங்க? இன்னொண்ணுங்ணா, நாங்க பசங்க சேந்து நடத்தற கிளப்லயும் கோச்சை மாத்தலாம்னு கமிட்டில பேச்சு ஓடுது. அதுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க.

– ஒரு வாசகர், அவிநாசி

அன்புள்ள தம்பிக்கு,

சுத்தி வளைக்காம சொல்லிடறனுங்க, திபடோவை நிக்ஸ் வெச்சிருக்கணும். இன்னும் ஒரு வருசமாவது. இதைச் சொல்ற நான் அந்த மாதிரி ஒரு கோச்கிட்ட பெஞ்ச்லயே உக்காந்து வளந்தவன், அதனால உங்க ரூம்மேட் சொல்றது பொய்யில்லைன்னும் எனக்குத் தெரியும்.

கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல இண்டியானா பேசர்ஸ் கூட ஆடுன அந்த மொத மேச்சை நீங்களும் பாத்திருப்பீங்க. 2025 மே 22, வெடியால அஞ்சரை மணிக்கே மேச் ஆரம்பம், வீட்ல எல்லாரும் தூங்கறாங்க, நான் டிவி சத்தத்தைச் சுத்தமா கொறச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். 14 பாயிண்ட் லீட், மூணு நிமிசம் கூட பாக்கி இல்ல, எந்திரிச்சுப் போயி பால் அடுப்புல வெச்சுட்டு வரலாமான்னு கூட நெனச்சேன். அதுக்குள்ள பேசர்ஸோட நெஸ்மித் தூரத்துலருந்து மூணு மூணு பாயிண்டா போட ஆரம்பிச்சாரு. கடைசி செகண்ட்ல அவங்க ஹாலிபர்ட்டன் அடிச்ச பந்து ரிம்ல பட்டு நேரா மேல போச்சு பாருங்க, எவ்வளவு நேரம்னு இருக்குது, அப்படியே எறங்கி வலைக்குள்ள விழுந்துச்சு. கால் மூணு பாயிண்ட் கோட்டுல பட்டதால மூணு இல்ல ரெண்டுதான்னு ஓவர்டைம் போயி, 138-135ன்னு பேசர்ஸ் ஜெயிச்சாங்க. சீரிஸும் 4-2ன்னு அவங்களுக்கே. அங்க தோத்ததுதான், திபடோவோட வேலையும் போச்சு. அந்தப் பந்து ஒரு விரக்கடை தள்ளி விழுந்திருந்தா இன்னிக்கு நீங்க எனக்கு இந்தக் கடுதாசியே போட்டிருக்க மாட்டீங்க.

சரி, உங்க ரூம்மேட் சொல்றதுக்கு வர்றேன். அந்த 2024-25 சீசன்ல, பிளேஆஃப்ங்கற நாக்-அவுட் சுத்துக்கு முன்னாடி நடக்கற ரெகுலர் சீசன்ல, லீக்லயே எச்சா நிமிசம் ஒட்டுக்கா ஆடுன அஞ்சு பேரு நிக்ஸோட ஸ்டார்ட்டிங் ஃபைவ்தான். மேச்சுக்கு சராசரி 37.6 நிமிசம் ஆடி லீக்லயே மொத ஆளா இருந்தது நம்ம ஜோஷ் ஹார்ட். இன்னொரு நிக்ஸ் பிளேயர் மிக்கல் பிரிட்ஜஸ் மார்ச் மாசம் வாய் விட்டே சொன்னாரு, கோச்கிட்ட மினிட்ஸ் பத்திப் பேசியிருக்கேன்னு, திபடோ அப்படி ஒரு பேச்சே நடக்கலைன்னுட்டாரு. இந்தப் பேச்சு அவரை சிகாகோ டீம் கோச்சா இருந்த காலத்துலருந்தே தொரத்துது. 2012 பிளேஆஃப்ல மொத மேச், 12 பாயிண்ட் லீட், ஒரு நிமிசம் சொச்சம்தான் பாக்கி, அப்பவும் அவங்க ஸ்டார் பிளேயர் டெரிக் ரோஸ் கோர்ட்லதான் இருந்தாரு, அங்கதான் முட்டி போச்சு. அந்த ரோஸ் மறுக்கா அந்த ரோஸா வரவே இல்ல. இதெல்லாம் திபடோ கணக்குல இருக்கற கடன்தான், நான் தள்ளுபடி பண்ணச் சொல்லல.

நான் படிச்சது கோபி பக்கத்துல ஒரு ஸ்கூல். எங்க பீட்டி சாரும் இதே ரகம். அப்பெல்லாம் குவார்ட்டர் கெடையாது, 20 நிமிசம் 20 நிமிசம்னு ரெண்டு ஹாஃப். அஞ்சு பேரை எறக்குனா கடைசி விசில் வரைக்கும் அந்த அஞ்சு பேருதான், ஆறாவது ஆளு நானு. எனக்கு சோலி என்னன்னா குடத்துத் தண்ணில உப்பு சக்கரை போட்டு எலுமிச்சம்பழம் புழிஞ்சு கலக்கி வெக்கறது, டைம் அவுட்ல டம்ளர்ல ஊத்தி நீட்டறது. அந்த வருசம் டிஸ்ட்ரிக்ட் ஃபைனல், சித்திரை வெயில் இல்லைன்னாலும் சிமெண்ட் கோர்ட்டு சுட்டுது, செகண்ட் ஹாஃப்ல நாலு நிமிசம் இருக்கறப்ப எங்க சென்டர் பையன் கெண்டைக்காலைப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டான். சார் திரும்பி என்னைப் பாத்தாரு. "போ கண்ணு" அவ்வளவுதான். அந்த சீசன்ல நான் ஒருக்கா கூட கோர்ட்ல கால் வெக்கல. உள்ள போனதும் எங்க நிக்கறதுன்னே தெரியல, ஜோன்ல என் எடம் எதுன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட கேக்கறதுக்குள்ள ரெண்டு பேஸ்கட் விழுந்துருச்சு. மூணு பாயிண்ட்ல தோத்தோம். அந்த நாலு நிமிசம் எனக்கு இன்னிக்கும் ராத்திரில வரும்ங்க தம்பி. ஆறாவது ஆளை எட்டு மாசமா தண்ணி கலக்க வெச்சா ஒன்பதாவது மாசம் அவன் எப்படி ஆடுவான்? அதனாலதான் சொல்றேன், உங்க ரூம்மேட்டு கோவம் எனக்குப் புரியுது.

ஆனா அதுக்கப்பறம் நடந்ததையும் சொல்லணுமில்ல. தோத்த ஆத்திரத்துல மேனேஜ்மெண்ட் சாரை அடுத்த வாரமே தாட்டிவிட்டுருச்சு. சரிங்க, தாட்டிவிட்டாங்க, அவரு எடத்துக்கு யாரு? யாருமில்ல. இன்னைக்கு வருவாரு நாளைக்கு வருவாருன்னு அந்தக் கல்வி வருசமே ஓடிப்போச்சு. கோர்ட்ல ஸ்கூல் பஸ்ஸை நிறுத்த ஆரம்பிச்சாங்க, ரிங்குக்கு நேர் கீழ ஆயில் சொட்டி வட்டமா ஒரு கறை. அந்த அஞ்சு பேர்ல மூணு பேரு ஆடறதையே விட்டுட்டாங்க. என்னைத் தண்ணி கலக்க வெச்ச மனுசன் மேல எனக்கு எவ்வளவோ கோவம் இருந்துச்சு, ஆனா அன்னைக்கு அவரை வேண்டாம்னு முடிவெடுத்தவங்க மேல இருக்கற கோவம் அதை விடப் பெருசு, இன்னும் ஆறல.

நான் நிக்ஸ் விசயத்துல பாக்கறதும் இதைத்தான். ஒரு கோச்சை வேண்டாம்ங்கறது பாதி முடிவுதான், வர்றது யாருங்கறது மீதிப் பாதி. 2014-ல கோல்டன் ஸ்டேட் டீம், கோச் மார்க் ஜாக்சனை அனுப்புச்சு, அவரும் திபடோ மாதிரியே அந்த சீசன்ல 51 மேச் ஜெயிச்சவருதான். ஆனா பத்து நாளுக்குள்ள ஸ்டீவ் கெர்ரைப் புடிச்சுட்டாங்க, அதுவும் நம்ம நிக்ஸ் கூட்டிட்டுப் போகப் பாத்த ஆளை. அடுத்த வருசமே டைட்டில். 2016-ல கிளீவ்லேண்ட், 30 ஜெயிச்சு 11 தோத்து அவங்க கான்ஃபரன்ஸ்ல மொத எடத்துல இருக்கறப்ப கோச் டேவிட் பிளாட்டை அனுப்புச்சு, ஊரே ஏசுச்சு, ஆனா பெஞ்ச்லயே அசிஸ்டண்ட் கோச் டைரன் லூ இருந்தாரு, பிளேயருங்க அவரு பேச்சைக் கேட்டாங்க, ஃபைனல்ல 3-1 பின்னாடி இருந்து கப்பு வந்துச்சு. இது ரெண்டையும் நான் தப்புன்னு சொல்லவே மாட்டேன். மில்வாக்கி கதையைப் பாருங்க, 2021-ல டைட்டில் வாங்கிக் குடுத்த புடன்ஹோல்சரை 2023-ல ஒரு ரவுண்டு தோத்ததுக்கு அனுப்பிட்டு ஏட்ரியன் கிரிஃபினைக் கொண்டு வந்தாங்க, 43 மேச்ல அவரையும் அனுப்பிட்டு டாக் ரிவர்ஸ். அதுக்கப்பறமும் அந்த டீம் நிமிரல.

நிக்ஸ் என்ன பண்ணுச்சு? ஜூன் 3-ல திபடோ வெளிய. கையில பேரு கெடையாது. மினசோட்டா, ஹூஸ்டன், டல்லஸ், அட்லாண்டா, சிகாகோன்னு அஞ்சு டீம்கிட்ட "உங்க கோச்கிட்ட பேசிக்கலாமா"ன்னு கேட்டு அஞ்சு பேரும் முடியாதுன்னுட்டாங்க. வேலைல இருக்கறவனைக் கேட்டுட்டு அலையறதுக்கு, இருக்கறவரை எதுக்கு அனுப்பணும்? அதுவும் 2024 ஜூலைலதான் காண்ட்ராக்ட்டை நீட்டிக் குடுத்தாங்க, வீட்ல உக்காந்திருக்கறவருக்கு சம்பளமும் குடுத்தாகணும், முட்டுவழி எவ்வளவு பாருங்க. ஒரு மாசம் கழிச்சு மைக் பிரவுன் வந்தாரு. நல்ல கோச்தான். சாக்ரமென்ட்டோ டீம் 16 வருசமா பிளேஆஃப் பாக்காம கெடந்துச்சு, அதை 2023-ல உள்ள கொண்டு போனாரு, அந்த வருசத்து சிறந்த கோச் விருது எல்லா ஓட்டும் அவருக்கே விழுந்துச்சு. அவரையும் 2024 டிசம்பர்ல சாக்ரமென்ட்டோ அனுப்பிருச்சு. இந்த லீக்ல எல்லாரும் யாரோ வேண்டாம்னு சொன்னவங்கதான்.

உங்க கட்டிங் மாஸ்டர் விசயத்துல மட்டும் நான் கொஞ்சம் மாறுபடறேன். துணி லேட்டா வந்ததுக்கு மாஸ்டர் பொறுப்பில்ல, சரி. ஆனா யாரு எத்தன நிமிசம் ஆடறதுன்னு தீர்மானிக்கறது கோச்தான், அது வேற யாரு மேலயும் போட முடியாது. அதனால "பாவம், அவரு என்ன பண்ணுவாரு"ன்னு திபடோவுக்குப் பரிஞ்சு பேச வேண்டாம். பேசறதுக்கு வேற இருக்குது. பேசர்ஸ் சீரிஸ்ல ரெண்டு மேச் தோத்துட்டு மூணாவது மேச்சுக்குப் போறப்ப, மாறவே மாட்டாருன்னு சொன்ன மனுசன் ஹார்ட்டை பெஞ்ச்ல வெச்சு மிட்செல் ராபின்சனை ஸ்டார்ட் பண்ணுனாரு, பிளேஆஃப்ல அது வரைக்கும் பெருசா தொடாத டெலான் ரைட்டையும் ஷாமெட்டையும் எறக்குனாரு, 20 பாயிண்ட் பின்னாடி இருந்து ஜெயிச்சாங்க. லேட்டுதான். ஆனா மாறுனாரு, அந்த மாத்தத்தோட இன்னொரு சீசன் எப்படி இருக்கும்னு பாக்கறதுக்குள்ள அனுப்பிட்டாங்க, எனக்கு மனசு ஆறாதது இதுதான்.

2025-ல ஃபைனல் ஆடுன ரெண்டு டீமையும் எடுத்துக்கங்க. பேசர்ஸ்ல கார்லைல் 2021-ல வந்தாரு, மொத சீசன்ல ஜெயிச்சது 25, தோத்தது 57. ஒக்லஹோமால மார்க் டேக்னால்ட் மொத ரெண்டு சீசன் 22-50, 24-58. ரெண்டு பேரையும் வெச்சிருந்தாங்க. டேக்னால்ட் அந்த 2025-ல 68 மேச் ஜெயிச்சு கப்போட நின்னாரு. அவங்க டீமைப் புதுசாக் கட்டிட்டு இருந்தாங்க, யாரும் ஜெயிக்கணும்னு எதிர்பாக்கல, நிக்ஸ் ஒரு பிரிட்ஜஸுக்கே அஞ்சு ஃபர்ஸ்ட் ரவுண்ட் பிக் (புதுப் பிளேயரை மொத சுத்துலயே எடுக்கற உரிமை) குடுத்து எறங்குன டீம், அந்த வித்தியாசம் இருக்குதுதான். ஆனா திபடோ வர்றதுக்கு முன்னாடி நிக்ஸ் ஏழு வருசம் பிளேஆஃப் பக்கமே போகலைங்கறதும் இருக்குதுல்ல. அஞ்சு வருசத்துல நாலு தடவ கூட்டிட்டுப் போனாரு.

ஒரு கோச்சை மாத்தற நேரம் வந்துருச்சான்னு நான் ஸ்கோரைப் பாத்து முடிவு பண்றதில்லீங்க. கோயமுத்தூர்ல பிஎஸ்ஜி டிராபி பேஸ்கட்பால் போட்டிக்கு ஐஓபி, இந்தியன் பேங்க், ஆர்மி, நேவின்னு பெரிய டீமெல்லாம் வரும், நான் முடிஞ்சப்பெல்லாம் பெஞ்சுக்குப் பின்னாடி எடமா பாத்து உக்காந்துக்குவேன். டைம் அவுட்ல கோச் மண்டி போட்டு போர்டுல கோடு போடறப்ப பிளேயருங்க கண்ணு எங்க இருக்குதுன்னு பாப்பேன். ஒருக்கா ஒரு டீம், பேரு வேண்டாம், எட்டு பாயிண்ட் லீட்ல இருந்தாங்க, ஆனா கோச் பேசறப்ப ஒருத்தன் டவலைத் தலையில போட்டுட்டு வேற பக்கம் பாக்கறான், ரெண்டு பேரு கேலரில யாரையோ பாத்து கையாட்டறாங்க, கோச்சும் போர்டைப் பாத்தே பேசறாரு, ஒருத்தனும் தலையாட்டல. அந்த மேச்சை ஜெயிச்சாங்க. அந்த கோச்சை நான்னா அன்னைக்குப் பொழுதோடவே மாத்திருவேன். நிக்ஸ் அப்படி இல்ல. சீரிஸ் முடிஞ்ச ராத்திரி கேப்டன் ப்ரன்சன்கிட்ட திபடோதான் சரியான கோச்சான்னு கேட்டதுக்கு, இதெல்லாம் ஒரு கேள்வியாங்கற மாதிரி பாத்துட்டு ஆமான்னாரு. கேப்டன் கேட்டுட்டு இருக்கறான், டீம் கேட்டுட்டு இருக்குது, அப்பறம் எதுக்கு?

உங்க கிளப்புக்கு வர்றேன். அடுத்த கமிட்டில யாராச்சும் "மாத்தணும்"னு எந்திரிச்சா, "யாரைக் கொண்டு வர்றதுங்க"ன்னு கேளுங்க, பேரு சொல்லட்டும், அந்த ஆளு எந்தக் கெழமை எத்தன மணிக்கு வருவாருன்னும் சொல்லட்டும். பேரு இல்லைன்னா பேச்சை அன்னைக்கு அங்கயே நிறுத்துங்க. அப்பறம் இந்த ஞாயித்துக்கெழமை மேச் இருந்தா நீங்க கேலரில உக்காராம பெஞ்சுக்குப் பின்னாடி போயி நில்லுங்க, டைம் அவுட் எடுக்கறப்ப பசங்க கண்ணைப் பாருங்க. அப்படியே அந்த ஆறாவது ஏழாவது பையனுங்க அன்னைக்கு எத்தன நிமிசம் ஆடுனாங்கன்னு ஒரு தாள்ல குறிச்சு, உங்க கோச்கிட்டயே மரியாதையாக் குடுங்க. அதைப் பாத்துட்டு அடுத்த வாரம் அவரு என்ன பண்ணுனாருன்னு எனக்கு எழுதுங்க.