பரங்கிப்பேட்டையில் முத்தவல்லி பெயரில் பட்டா உள்ள மனையை வாங்கலாமா?

கேள்வி இது: தர்காவை ஒட்டிய மனை, பட்டா முத்தவல்லி (வக்ஃபு சொத்தை நிர்வகிப்பவர்) பெயரில், விலையும் குறைவு, அட்வான்ஸ் கொடுக்கலாமா? தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது வக்ஃபு சொத்தாக, அதாவது நற்காரியத்துக்கென்று நிரந்தரமாக அர்ப்பணித்த சொத்தாக, இருக்கக்கூடும்.

ஷரீஅத்தின்படி ஒரு சொத்தை வக்ஃபு செய்த நொடியே அது கொடுத்தவர் கையை விட்டுப் போய்விடுகிறது. வாரிசுக்கும் வராது. அல்லாஹ்வுக்கு உரியதாகி, அதன் வருமானம் மட்டும் நற்காரியத்துக்குப் போகும். முத்தவல்லி அதைப் பார்த்துக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. நான் படித்த ஒரு பழைய வக்ஃபு பத்திரத்தில், தென்னந்தோப்பின் வரும்படி பள்ளிவாசல் விளக்குக்கு எண்ணெய் வாங்க, மிச்சம் ஏழைகளுக்குச் சோறு போட என்று எழுதியிருந்தது. அந்த எண்ணெயையும் சோற்றையும்தான் விற்பவர் விற்கிறார். எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

சரி, அரசுச் சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 51, 104ஏ பிரிவுகளின்படி விற்பனை, தானம், அடமானம் எதுவும் செல்லாது. குத்தகைக்கு விடலாம், அதற்கும் கால வரம்பு உண்டு. 2025 திருத்தத்துக்குப் பிறகு புதிதாக வக்ஃபு செய்ய எழுத்துப் பத்திரம் கட்டாயம். ஆனால் பழையவற்றில் பல வாய்மொழியாகவே நடந்தவை. அதனால் வில்லங்கச் சான்று சுத்தமாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள். பட்டாவும் உரிமைக்கு முழு ஆதாரம் ஆகாது.

சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு வக்ஃபு வாரியப் பதிவேட்டில் தேடுங்கள். அப்புறம் மூலப்பத்திரத்தை ஒரு சிவில் வக்கீலிடம் காட்டுங்கள். இதேபோன்ற மனை புதுச்சேரி எல்லைக்குள் இருந்தால் அங்கே வாரியம் வேறு.