ஆராதனையில் ஒன்றும் தோன்றவில்லையே, என்ன செய்ய?

கேள்வி: நெல்லைப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன். வேலைக்காகச் சென்னையில் இருக்கிறேன். புத்தகத்தைப் பார்த்து வாசிக்கும் ஆராதனை சடங்குபோல இருக்கிறது, மனதில் எதுவும் தோன்றுவதில்லை. நண்பன் கூப்பிட்டுப் போன சபையில் ஒரு மணி நேரம் பாட்டு. அங்கே அழுகையே வந்துவிட்டது. எது உண்மையான ஆராதனை? ஃபோனில் பார்த்துக்கொண்டால் போதாதா?

பதில்: அழுகை வந்ததில் தப்பில்லை. ஆனால் அழுகை வந்ததா இல்லையா என்பதை வைத்து ஆராதனையை அளக்க ஆரம்பித்தால், வாரா வாரம் நம்மையே நாம் சோதித்துக்கொண்டிருப்போம். கடவுள் பக்கம் திரும்பவே நேரம் இருக்காது. எனக்கு என்ன கிடைத்தது என்பது அங்கே இரண்டாவது கேள்விதான். கடவுள் செய்ததைச் சபையாகக் கேட்டு, சபையாகப் பதில் சொல்வதுதான் முதல் காரியம்.

கி.பி. 150 வாக்கில் ரோமில் இருந்த கிறிஸ்தவப் போதகர் ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்ன செய்கிறார்கள் என்று பேரரசனுக்கு எழுதிய விளக்கம் இன்றும் இருக்கிறது. அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும்வரை வாசிப்பார்கள். தலைமை தாங்குபவர் பேசுவார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும் திராட்சரசமும் வரும், நன்றி சொல்லி ஜெபித்ததும் ஜனங்கள் ஆமென் என்பார்கள். வராதவர்களுக்கு உதவிக்காரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார். காணிக்கை அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும். யாருக்கு எவ்வளவு மனம் உருகியது என்று அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

உங்கள் கையில் இருக்கும் புத்தகமும் அந்த வழியில் வந்ததுதான். 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் சி.எஸ்.ஐ. உருவானது, 1950-ல் திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் நற்கருணை ஆராதனைக்கான முறை வந்தது. முதலில் பாவ அறிக்கை, அப்புறம் வேதபாடம், பிரசங்கம், விசுவாசப் பிரமாணம், பரிந்துரை ஜெபம், அதற்குப் பின் திருவிருந்து. காரணம் இல்லாமல் அடுக்கியதல்ல. மன்னிப்புப் பெற்றவன் கேட்கிறான், கேட்டவன் “விசுவாசிக்கிறேன்” என்கிறான், ஊருக்காக மன்றாடுகிறான், அதன்பின்தான் பந்தியில் உட்காருகிறான்.

திருவிருந்தின் தொடக்கத்தில் சமாதானம் கொடுப்பதைக் கவனித்திருப்பீர்கள். கொடுப்பவரின் வலது உள்ளங்கை வாங்குபவரின் வலது உள்ளங்கையில் படும். இருவரும் இடது கையால் அடுத்தவர் கையை மூடிக்கொள்வார்கள். மேஜையிலிருந்து புறப்பட்டு வரிசை வரிசையாகக் கடைசி பெஞ்சுவரை வரும். கேரளத்துச் சுரியானி சபைகளின் வழக்கத்திலிருந்து எடுத்தது இது. பக்கத்தில் நிற்பவர் போன வாரம் கமிட்டியில் உங்களோடு சண்டை போட்டவராகவும் இருக்கலாம். கையை நீட்டித்தான் ஆக வேண்டும். ஃபோனில் பார்க்கும்போது கிடைக்காதது முக்கியமாக இதுதான்.

அப்போஸ்தலர் பவுலின் காலத்தில் கொரிந்து பட்டணத்துச் சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அங்கே பாட்டும் ஜெபமும் அந்நியபாஷையும் ஏராளம். இருந்தும், நீங்கள் கூடி உண்பது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் கண்டித்து எழுதினார். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஆமோஸ் இன்னும் கடுமை: நியாயம் இல்லாத இடத்தின் பாட்டு கடவுளுக்கு வெறும் இரைச்சல். பாட்டுச் சபை, புத்தகச் சபை இரண்டுக்கும் இது பொருந்தும். எங்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: ரயிலைப் பிடிக்கப் போகிறவர்போலப் பாவ அறிக்கையை அரை நிமிடத்தில் ஓட்டிவிடும் போதகர்கள் இருக்கிறார்கள். அது புத்தகத்தின் குற்றமில்லை.

சரி, என்ன செய்யலாம்? சனிக்கிழமை இரவே மறுநாளைய வேதபாடங்களை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பாவ அறிக்கைக்கு முன், அந்த வாரம் நடந்த ஒரு குறிப்பிட்ட காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். “எல்லாப் பாவங்களும்” என்று பொதுவாகச் சொன்னால் மனதில் ஒட்டாது. பரிந்துரை ஜெபத்தில் நோயாளிகள் என்று வரும்போது, உங்களுக்குத் தெரிந்த ஒருவர் பெயரை மனதுக்குள் சொல்லுங்கள். ஆராதனை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஊரில் அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, நீங்கள் பந்தி பரிமாறியிருப்பீர்கள். இங்கேயும் பாடகர் குழுவோ ஞாயிறு பள்ளியோ, ஏதாவது ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பவருக்கு எந்த ஆராதனையும் நீளமாகத்தான் தெரியும்.

நண்பனின் சபைக்குப் போகவே கூடாது என்று சொல்லமாட்டேன். போனால் அங்கே வேதம் எவ்வளவு நேரம் வாசிக்கப்படுகிறது, மற்றவர்களுக்காக ஜெபம் இருக்கிறதா, திருவிருந்து எப்போது, காணிக்கை எங்கே போகிறது என்று பாருங்கள். உங்கள் சபையிலும் இதையே பாருங்கள்.

ஃபோன் விஷயம்: படுக்கையில் இருப்பவர்களுக்கும் ஷிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் அது நல்ல உதவி. ஷிஃப்ட்தான் பிரச்சினை என்றால் அதிகாலை ஆராதனை அல்லது மாலை ஆராதனை உண்டா என்று விசாரியுங்கள். வீட்டில் முடியாதவர் இருந்தால் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லுங்கள், நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவருவார்.