வாட்ச் காட்டும் ஸ்டெப் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். மூட்டுவலியால் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். பிரஷருக்கு மாத்திரை எடுக்கிறார். வளைகுடாவில் இருக்கும் தம்பி ஸ்மார்ட் வாட்ச் அனுப்பியிருந்தான். காலையும் மாலையும் நடந்தாலும் அது 1,500 ஸ்டெப்பைத் தாண்டுவதில்லை. பத்தாயிரம் நடக்க வேண்டுமாமே என்று சோர்ந்துபோகிறார். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்: அந்த எண்ணை வைத்து அப்பா குறைவாக நடக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். வாட்சில் உள்ள சென்சாருக்குக் கால் தெரியாது. கை அசைவதை வைத்துத்தான் அடியைக் கணக்கிடுகிறது. மெதுவாக, காலைத் தேய்த்து நடப்பவர்களின் அடிகள் நிறைய விட்டுப்போகும். கம்பு பிடிக்கும் கையில் கட்டியிருந்தால் இன்னும் குறையலாம். அதேசமயம், உட்கார்ந்து தேங்காய் துருவினால் சில வாட்சுகள் அதையும் நடையாகச் சேர்த்துவிடும்.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அப்பா முற்றத்தில் வழக்கமான வேகத்தில் நடக்கட்டும். நீங்கள் கூடவே நடந்து 100 அடிகளை வாய்விட்டு எண்ணுங்கள். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் வாட்ச் காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். 60தான் கூடியிருக்கிறது என்றால், நாள் முழுக்க எவ்வளவு விட்டுப்போகும் என்று புரிந்துவிடும். அப்புறம் மறு கைக்கு மாற்றிக் கட்டி இன்னொரு முறை எண்ணுங்கள்.

பத்தாயிரம் என்பது மருத்துவர்கள் வகுத்த அளவு அல்ல. 1965இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்பதற்காகத் தேர்ந்தெடுத்த எண் அது. 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 72 வயதுள்ள 16,000க்கும் மேற்பட்ட பெண்கள் இடுப்பில் சென்சார் அணிந்தார்கள். தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

வாட்சில் 'ஆக்டிவ் நிமிடம்', அதாவது உடல் நன்றாக உழைத்த நேரம், குறைவாக இருந்தாலும் கவலை வேண்டாம். மெட்டோபிரோலால், அட்டெனலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைக்கும். துடிப்பை வைத்து உழைப்பை மதிப்பிடும் வாட்ச் அங்கே ஏமாந்துபோகும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எனக்கு முக்கியமாகப் படுவது, எந்த வாட்சும் சரியாகக் கணக்கில் எடுக்காத ஒன்று: கால் வலுவும் உடல் சமநிலையும். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது இதற்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கெட்டியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அப்பாவை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடிந்தவரை கையை ஊன்றாமல், வலித்தால் ஊன்றிக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு மழைக்காலம். பாசி பிடித்த முற்றத்தில் அப்போது நடக்கவே வேண்டாம், திண்ணை போதும். அந்த வாரங்களில் கணக்கு குறைவது இயல்பு.

மற்றபடி அப்பாவின் இந்த வாரத்தை அவருடைய போன வாரத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். மழையோ காய்ச்சலோ இல்லாமல் இரண்டு வாரமாகக் குறைந்துகொண்டே வந்தால், அல்லது மூச்சு வாங்குதல், கால் வீக்கம், தலைசுற்றல் இருந்தால், மாத்திரை அட்டைகளோடு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நெஞ்சு அழுத்தினால் காத்திருக்காமல் உடனே 108ஐ அழையுங்கள்.